தலைவிதியா? தாமதமா?

பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி, படுத்தால் மூச்சு முட்டுகின்றதென்று எழுந்து உட்கார்ந்தாலும், கால் வீங்கி நாலடி நடப்பதற்குள் இளைத்தாலும், "பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகின்றார்கள். அவள் செத்துப்போனாலோ, "அவள் தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்கின்றார்கள். இவ்விரண்டு பேச்சுக்கும் நடுவில் செய்திருக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டென்பதை யாரும் யோசிப்பதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ, பிரசவமாகி 5 மாதத்திற்குள்ளோ, வேறு காரணம் தென்படாமலே இருதயத்தின் சதை பலங்குறைந்துபோகும் வியாதி ஒன்று இருக்கின்றது. நல்ல இருதயம் தன் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் நூற்றுக்கு 55 பங்குக்குக் குறையாமல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். இவ்வியாதியில் அது 45க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும். இதில் பேயுமில்லை, தோஷமுமில்லை. எக்கோ பரிசோதனையில் கண்ணால் பார்க்கக்கூடிய சங்கதியே இது.

இது தீராத வியாதியா? இல்லை. வட அமெரிக்காவில் 100 பெண்களை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 72 பேருக்கு அந்தக் கணக்கு 50க்கு மேல் திரும்பிற்று. ஆரம்பத்தில் 30க்குக் குறையாமலும், இருதயம் மிக விரியாமலும் இருந்தவர்களில் நூற்றுக்கு 91 பேர் தேறினார்கள். 30க்குக் கீழே போய், இருதயமும் 6 சென்டிமீட்டருக்கு விரிந்துவிட்டவர்களில் ஒருவரும் அவ்வாண்டில் தேறவில்லை.

அதே ஆராய்ச்சியில் கறுப்பினப் பெண்களில் தேறியவர்கள் நூற்றுக்கு 59 பேரே. பிலடெல்பியாவில் 220 பெண்களைப் பற்றி 2017இல் வந்த ஆராய்ச்சியோ, அவ்வினப் பெண்களுக்கு வியாதி தாமதமாகவே கண்டுபிடிக்கப்பட்டதென்றும், குணமடைய இரட்டிப்புக் காலம் பிடித்ததென்றும் காட்டிற்று. பிரம்மாவின் எழுத்து தோலின் நிறம் பார்த்தா மாறும்? தாமதம் ஒன்றே முழுக்காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தாமதத்தைப் போக்குவது மனிதர் கையில் இருக்கின்றது என்கின்றோம்.

தேறிய பின்னும் மருந்தைத் தானாக நிறுத்தலாகாது. அடுத்த கர்ப்பத்தில் வியாதி திரும்பலாம். இருதயம் தேறாதவளுக்கோ மறு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. ஆகவே வைத்தியர்கள் அவளைக் கர்ப்பத்தடை செய்துகொள்ளச் சொல்லுகின்றார்கள். இது தெரிந்தும் "ஆண்பிள்ளை ஒன்று வேண்டும்" என்று அவளை நெருக்குகின்றவர்கள், வாரிசைக் கேட்கின்றார்களா, அவள் உயிரைக் கேட்கின்றார்களா?

தோழர்களே! மூச்சு முட்டும் பெண்ணுக்கு விபூதி போடுமுன் வண்டியைக் கட்டுங்கள். அவள் இருதயம் தேறக்கூடியது, காலதாமதந்தான் பொறுக்காது.