மழை வந்தா எல்லாம் போயிரும், சேர்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்படாமல் கடைசி வரைக்கும் வாசியுங்கள். நம்ம ஆட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பைக்குக்கு ஒயில் மாற்றப் போனேன். நல்ல மழை. கழற்றிய கறுப்பு ஒயிலை வேலை செய்கிற பொடியன் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரக் கானில் ஊற்றிவிட்டு வந்தான். "ஏன் தம்பி?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் சொன்னது கராஜ் நானா: "மழை வந்தா எல்லாம் போயிரும், சேர்."

அந்தப் பொடியன் தரம் 8இல் என்னிடம் படித்தவன். நீர் மாசடைதல் பாடத்தை அவனுக்கு நடத்தியதே நான்தான்.

சரி, எங்கே போகும்? ஹட்டன் பக்கத்தில் இருக்கிற நாம் இரண்டு பெரிய கங்கைகளின் தலைமாட்டில் குடியிருக்கிறோம். டிக்கோயாப் பக்கம் சரிகிற தண்ணீர் காசல்ரீக்குப் போகிறது, மஸ்கெலியாத் தண்ணீர் மவுசாகலைக்கு. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் குடிப்பது அம்பத்தலையில் அந்தக் கங்கையிலிருந்து எடுக்கிற தண்ணீரைத்தான். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் சரிந்தால் கொத்மலை ஓயா, பிறகு மகாவலி. கம்பளை, கண்டி எல்லாம் தாண்டி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. வழியெல்லாம் எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் உளூச் செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒயிலாவது கண்ணுக்குத் தெரியும். பற்றரித் தண்ணி தெரியாது. பழைய பற்றரியை எடைக்கு எடுக்கிறவர்கள் தண்ணியின் எடையைக் கழித்துவிடுவார்கள் என்பதால், முதலே அதைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறோம். அது வெறும் தண்ணி இல்லை, சல்பூரிக் அமிலம். ஈயமும் அதோடு சேர்ந்து வருகிறது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது ஈயம். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. வகுப்பில் கவனமில்லாத பிள்ளையைப் பார்த்து நாங்கள் "மண்டையில ஒண்டும் ஏறுதில்ல" என்று ஏசுகிறோம்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வந்த 1534/18 இலக்க வர்த்தமானி. ஆபத்தான கழிவுகளை அது அட்டவணை போட்டுச் சொல்கிறது. பாவித்த ஒயிலும் பழைய பற்றரியும் அதற்குள் அடங்கும். இவற்றை உண்டாக்குவதற்கும், சேர்ப்பதற்கும், ஏற்றிச் செல்வதற்கும், மீள்சுழற்சி செய்வதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கழிவை யார் உண்டாக்கினாரோ பொறுப்பு அவரிடமே தொடங்குகிறது. பழைய இரும்புக்காரனுக்கு விற்றதும் நம் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம், முடிவதில்லை.

இதைச் சொன்னால் உடனே, "தோட்டக் கம்பனிகள் அடிக்கிற மருந்தை முதல்ல கேளுங்க சேர்" என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். களைகொல்லிக் கலன்களைப் பீலிக்கரையில் கழுவுவதும், வெறுங்கலனில் வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பதும் நான் கண்ணால் கண்டவை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஆனால் அவன் செய்வது நமக்கு அனுமதிப்பத்திரம் ஆகாது. பிரித்தானியாவிலிருந்து கழிவுக் கொள்கலன்கள் வந்தபோது நாடே கொதித்தது. 263 கொள்கலன்கள், கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் திரும்பிப் போனது. நானும் அன்று பதிவு போட்டேன். கீழே இருக்கிறவன் வாசலுக்கு நம் கழிவை அனுப்புகிற நாம் மட்டும் யார்? தேங்கி நிற்கிற தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த நபியின் உம்மத் நாம்.

கராஜ்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மாதம் ஒரு பீப்பாய் ஒயில் சேர்கிற ஒருவரால் அனுமதிப்பத்திரம், கணக்குப் புத்தகம் என்று ஓட முடியாது. அனுமதி பெற்ற நிறுவனமும் ஒரு பீப்பாய்க்காக இந்த மலையேறி வராது. சட்டம் போட்டவர்கள் பெரிய தொழிற்சாலையை மனதில் வைத்துத்தான் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஊரில் இருக்கிற எல்லோருடைய ஒயிலும் ஓரிடத்தில் சேர்ந்தால் லொறி வரும். புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் இப்படிப்பட்ட கழிவுகளை எரிக்கிறார்கள், அதனால் போக்கிடம் இல்லை என்று சொல்ல முடியாது.

பள்ளிவாசல் வளவில் பீப்பாய் வைக்கலாமே என்று ஒரு ஹாஜியார் சொன்னார். அவர் நிய்யத் நல்லது, ஆனால் சேர்த்து வைப்பதற்கும் அனுமதி வேண்டும். ஆகவே இடம் ஒதுக்கி, அனுமதியையும் எடுக்க வேண்டியது நகரசபை. அதைக் கேட்டு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறேன். பிரதி ஒன்று சுற்றாடல் அதிகாரசபைக்கும் போகும். சிங்களப் பிரதியும் தயார். தமிழ், சிங்கள கராஜ்காரர்கள் சிலரிடம் பேசிவிட்டேன், அவர்கள் சம்மதம். நம்ம ஆட்களில் இதுவரை ஒரே ஒருவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கராஜ் நானாதான்.

மற்றவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாசலில் என்னைப் பிடியுங்கள். பேனையும் கொண்டு வருவேன்.