படியேற முடியாதவருக்கு நீதி கிடையாதா?

சக்கர நாற்காலியில் வருபவரின் வழக்கு முதல் மாடி கோர்ட்டில். லிஃப்ட் கிடையாது, இருந்தாலும் ஓடாது. நாலு பேர் அவரை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போகணும். இல்லைன்னா வாய்தா வாங்கிட்டு வீடு திரும்பணும். முட்டி தேய்ந்த பாட்டிக்கும் இதே கதிதான்.

நாம் கேட்பது சலுகை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 45: பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்தே ஆண்டுக்குள் மாற்றியாக வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில்! நாம கெடு தவறினா வீட்டுக்கு ஜப்தி வருது. அரசு தவறினா?

ஒன்றிய அரசின் 15-ஆவது விதியோ, பல அம்சங்களை 'செய்தால் நல்லது' என்ற அளவில் விட்டுவைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே அது செல்லாது என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவரச் சொன்னது.

"கட்டடம் பழசு, நிதி இல்லை"ம்பாங்க. சாய்தளம் போட, கைப்பிடி வைக்க, அந்த ஒரு வழக்கையாவது தரைத்தளத்தில் விசாரிக்க எத்தனை கோடி வேணும்?

உங்க ஊர் கோர்ட்டில் சாய்தளம் இருக்கா? வீல்சேர் நுழையும் கழிப்பறை இருக்கா? போய்ப் பாருங்க, ஊர் பெயரோடு எழுதி அனுப்புங்க. மாவட்ட நீதிபதிக்கும் பொதுப்பணித் துறைக்கும் மனுவாகக் கொடுப்போம்.