கைப்பொருளைக் காக்கக் கைத்தொலைபேசியைக் காப்போம்!

களவுக்குக் கன்னக்கோலும் காரிருளும் வேண்டும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்றைய கள்வன் வேலி பாய்வதில்லை. அவனைக் கண்டு நாய் குரைப்பதுமில்லை. பட்டப்பகலில், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்கும் கமக்காரனைக் கைத்தொலைபேசியில் அழைத்து, "வங்கியிலிருந்து பேசுகிறோம், ஐயா" என்று பணிவோடு கூறி, ஒரு போகத்து உழைப்பை ஐந்து நிமிடத்தில் அள்ளிச் சென்றுவிடுகிறான்.

இக்களவு நடைபெறும் விதம் யாது? கைத்தொலைபேசி வாயிலாகப் பணம் மாற்றப்படும்போது, கணக்குடையவரே அதனைச் செய்கிறாரா என்பதை அறிய வங்கி ஓர் இரகசிய இலக்கத்தை அனுப்புகின்றது. ஒருமுறைக்கு மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் இலக்கம் அது. எமது விவரங்களை முன்னரே அறிந்துகொண்ட கள்வன் பணமாற்றத்தைத் தொடங்கிவிட்டு, "உங்கள் கணக்கு முடங்கப்போகிறது, வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துகிறான். தான் அனுப்பிய இலக்கத்தைத் தானே கேட்டறியவேண்டிய தேவை எந்த வங்கிக்கும் இல்லை. கேட்பவன் எவனோ, அவனே கள்வன்!

எம்மவர் ஏமாறுவது அறிவீனத்தாலன்று. இச்செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழ் மட்டும் கற்ற கமக்காரன் அதனைக் கடைக்காரரிடமோ அயலவரிடமோ நீட்டுகிறான். எவரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையையே இன்னொருவரிடம் காட்டி வாசிப்பிக்கவேண்டியிருக்கின்றது. இதனிலும் கொடிய வேடிக்கை வேறுண்டோ? 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. சட்டத்தில் ஏறிய மொழி எமது பணத்தைக் காக்கும் செய்தியில் ஏறாதிருப்பதேன்? தமிழில் கையொப்பமிட்டுக் கணக்குத் திறந்தவருக்குத் தமிழிலேயே எச்சரிக்கை விடுப்பது வங்கிகளின் கடமை. ஒவ்வொருவரும் தத்தம் கிளையில் இதனை எழுத்திற் கோரவேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருத்தலாகாது. எவர் கேட்பினும் இரகசிய இலக்கத்தைக் கூறற்க. ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு நாமே பேசவேண்டும். பரிசு விழுந்தது என்று வரும் இணைப்புகளைத் தொடலாகாது. தொலைபேசிக்குப் பூட்டிடவேண்டும். அது தொலைந்துபோனால், சிம் அட்டையையும் கணக்கையும் உடனே நிறுத்துவிக்கவேண்டும். பணம் போய்விட்டால் அந்த மணித்தியாலத்திலேயே வங்கிக்கும், பின்னர் பொலிசுக்கும் அறிவிக்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கெனவே இருக்கின்றது. வெட்கத்தால் வாய்மூடியிருப்பது கள்வனுக்குச் செய்யும் உபகாரம். அடுத்த வீட்டுக்குச் செய்யும் துரோகம்.

ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்களுக்கும், எழுதுவினைஞர்களுக்கும், சட்டத்தரணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெற்றோரின் தொலைபேசியை வாங்கி, ஓர் அரைமணி நேரம் அருகிருந்து இவற்றை விளக்குங்கள். உங்களைக் கற்பித்த பணம் அந்தக் கைகள் உழைத்த பணமே. அதனைக் காக்கும் அறிவை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது உதவியன்று, கடன்.