வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

பேசத் தாமதிக்கும் சிறு பிள்ளைகள் பற்றி, இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் உறுப்பினர் ஒருவரின் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறோம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். அப்பா தமிழர், தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண், டவுனில் கடையில் நிற்கிறார். பையனுக்கு அப்போது இரண்டு வயதும் நாலு மாதமும். பகலெல்லாம் அப்பாயி (அப்பாவின் அம்மா) கையில்தான். சிங்களத்தில் ‘தாத்தா’ என்றால் அப்பா. தமிழில் அப்பாவின் அப்பா. அவன் ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், வீடு சிரிக்கும். ஆனால் அவன் வாயில் வந்த சொற்களையெல்லாம் கூட்டினாலும் பதினைந்து தேறாது. இரண்டு சொல்லைச் சேர்த்து ஒன்றுமே சொன்னதில்லை.

கிளினிக்கில் காட்டினார்கள். இரண்டு பாஷையில் பேசிப் பேசிப் பிள்ளை குழம்பிவிட்டது, இனி ஒரே பாஷையில் பேசுங்கள் என்றார்கள். எந்தப் பாஷை என்று அப்பா கேட்டார். சிங்களம் என்றால் நல்லது, ஸ்கூலுக்கும் உதவும் என்று பதில் வந்தது. அன்றோடு அப்பாயி வாயை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் சந்தைக்கும் காணும், பேரனைக் கொஞ்சக் காணாது. விடிந்ததிலிருந்து பாட்டும் ஏச்சுமாக ஓடிக்கொண்டிருந்த அந்த வாய் ஓய்ந்ததும், பகலில் அந்தக் காம்பராவில் பேச்சுக்குரலே இல்லாமல் போனது. அழுதால் போனைக் கொடுத்தார்கள். மூன்று வயது ஊசிக்குக் கொண்டுபோன நாளில் அவனிடம் புதிதாகச் சேர்ந்திருந்தவை போன் சொல்லிக்கொடுத்த ஆங்கில எண்கள் மட்டும். ‘ஒன், டூ, த்ரீ’ என்பான். தண்ணி கேட்கத் தெரியாது.

அறிவுரை சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் அது பிழையான அறிவுரை. ‘வீட்டுப் பாஷையை விடுங்கள்’ என்று மலையகத்தில் எந்தத் தாய்க்கும் எந்தக் கிளினிக்கிலும் இனிச் சொல்லப்படக் கூடாது. பேச்சில் சந்தேகம் எழுந்த பிள்ளைக்கு இரண்டு வயதிலேயே உதவி தொடங்க வேண்டும். அந்த உதவி, பிள்ளையை யார் வளர்க்கிறாரோ அவர் பேசும் மொழியில் இருக்க வேண்டும். எங்கள் நிலைப்பாடு இதுதான்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. பெற்றோர், முன்பள்ளி ஆசிரியைகள், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்த்தவர்கள் சேர்ந்த சின்னக் கூட்டு. இருமொழி வீடு என்றால் கலப்புத் திருமண வீடு என்று மட்டும் எங்கள் ஊரில் பொருள் கொள்ள முடியாது. அப்பாவும் அம்மாவும் கொழும்பில் வேலை பார்த்து, பிள்ளை இரண்டு வயதுவரை அங்கே சிங்கள அயலில் வளர்ந்து, பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பிய வீடுகள் உண்டு. அம்மா குவைத்துக்குப் போய், அம்மாயி தமிழில் வளர்க்க, அப்பா ‘நாளைக்குத் தேவைப்படும்’ என்று சிங்களத்தில் மட்டும் பேசும் வீடுகளும் உண்டு. டவுனில் வீட்டுக்குள் தமிழும் கடைவாசலில் சிங்களமுமாக வளரும் பிள்ளைகள் எத்தனையோ.

இரண்டு மொழி கேட்டால் பிள்ளை பின்தங்கும் என்ற எண்ணத்துக்கு வயது நூறுக்கு மேல். 1923இல் வேல்ஸில் டி. ஜே. சேயர் என்பவர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். வெல்ஷும் ஆங்கிலமும் பேசும் நாட்டுப்புறப் பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் பேசுவோரைவிட அறிவில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதினார். அந்தப் பிள்ளைகளின் வறுமையை அவர் ஒழுங்காகக் கணக்கில் எடுக்கவில்லை. (தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.) 1962இல் கனடாவின் மொன்றியல் நகரில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளை, குடும்ப வசதியையும் சமப்படுத்தி ஒப்பிட்டபோது அந்த முடிவு நிற்கவில்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகளே பல சோதனைகளில் முன்னுக்கு நின்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் செய்யப்பட்டன. இரண்டாவது மொழி அவர்களை மேலும் பின்தள்ளியதாக அவற்றில் தெரியவில்லை.

பேச்சில் உண்மையான கோளாறு உள்ள பிள்ளையிடம் அது இரண்டு மொழியிலும் வெளிப்படும். ஒரு மொழியை எடுத்துவிட்டால் கோளாறு போகாது, ஒரு மொழிதான் போகும். ‘எனக்கு வத்துர (தண்ணீர்) வேணும்’ என்று பிள்ளை கலந்து பேசுவதும் குழப்பமல்ல. கையில் இருக்கும் சொல்லை வைத்துக் காரியம் பார்க்கிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் நாங்கள் ‘பெரட்டு’, ‘காம்பரா’ என்று வேற்றுமொழிச் சொல் கலந்து பேசுகிறோமே, அதை யாரும் குழப்பம் என்பதில்லை.

பிள்ளையின் சொற்களை எண்ணிப் பார்க்கும் முறையில்தான் பெரிய தவறு நடக்கிறது. இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களும், இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் வந்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் புழங்கும் ஓர் அளவுகோல். ஒரு பிள்ளைக்குத் தமிழில் 28 சொல், சிங்களத்தில் 25 சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிங்களப் படங்களைக் காட்டிச் சிங்களத்தில் மட்டும் கேட்டால் அந்த அளவில் பாதிதான் தேறும். இரண்டையும் கூட்டினால் 53. ‘தண்ணி’யும் ‘வத்துர’வும் இரண்டு சொற்களாகவே எண்ணப்பட வேண்டும், இரண்டையும் அந்தப் பிள்ளை உழைத்துத்தான் கற்றிருக்கிறது. இன்னொரு சிக்கல், ஆங்கிலத்தை வைத்துச் செய்த அளவுகோல் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. ‘விழுந்துட்டேன்’ என்று பிள்ளை சொன்னால் அது ஒரே சொல். விழுந்தது யார், விழுந்து முடிந்ததா என்ற இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. சொல்லை மட்டும் எண்ணி, சொல்லின் வாலை எண்ணாமல் விட்டால் தமிழ்ப் பிள்ளையின் கணக்கு குறைந்துதான் தெரியும்.

தமிழ் தெரிந்தவர் சோதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒருவர் அன்போடு ‘கதையுங்கோ’ என்றால் எங்கள் பிள்ளை விழிக்கும். அதற்குப் பழகியது ‘பேசு’. சிங்களத் தாதி ‘என்ன, பபா’ என்று கை நீட்டி அழைப்பார். ‘வா’ என்று அவர் சொல்வது, தமிழ்க் காதில் ‘என்ன?’ என்ற கேள்வியாக விழும். நகராமல் நிற்கும் பிள்ளை சொன்னதைக் கேட்பதில்லை என்று தாளில் ஏறிவிடுகிறது.

இதையெல்லாம் சொல்வதால், பொறுத்திருங்கள் என்று நாங்கள் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சொந்தச் சனத்தோடு எங்களுக்குள்ள சண்டையே இதில்தான். ‘அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசினான்’ என்பார்கள். நாக்கில் வசம்பு தடவுவார்கள், கதிர்காமத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்துகொள்ளுங்கள், குறையில்லை. ஆனால் அதே வாரம் காதைச் சோதியுங்கள். காதில் சீழ் வடிந்து, ஆறி, மறுபடி வடியும் பிள்ளைகள் குளிரும் ஈரமுமான லயங்களில் நிறைய. அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை அரைகுறையாகத்தான் பேசும். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் பிறகு எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறோம்.

ஒரு வயதில் மழலையும் இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை என்றால், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை என்றால், இரண்டு வயதில் ‘அம்மா வா’ போன்ற பேச்சு எந்த மொழியிலும் இல்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

எங்கே காட்டுவது? இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் 18 மாதத்தில் ஓர் ஊசி, அடுத்தது மூன்று வயதில். பேச்சைப் பார்க்க வேண்டிய இரண்டு வயது சரியாக அந்த இடைவெளிக்குள் விழுகிறது. ஆனால் எடை நிறுப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் விருத்திப் படிகளுக்கும் பக்கம் உண்டு. எடைக் கோடு கீழிறங்கினால் பதறுகிற நாங்கள், அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. எடை நிறுக்கும் நாளில் குடும்ப சுகாதார மாது இரண்டே கேள்வி கேட்கட்டும்: பிள்ளை தமிழில் என்னென்ன சொல்லும், சிங்களத்தில் என்னென்ன சொல்லும்? இரண்டு நிரலில் எழுதி, கடைசியில் கூட்டினால் போதும்.

சந்தேகம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார்கள்: நுவரெலியா, பேராதனை, கொழும்பு. பேச்சு சிகிச்சையாளர்கள் நாட்டிலேயே குறைவு. தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் அதிலும் குறைவு. மாதத்தில் அரை மணிநேரம் கிடைத்தால் அதுவே பெரிய காரியம். மிச்ச நாளெல்லாம் பிள்ளை அப்பாயியிடமும் பிள்ளைக்காம்பராவிலும்தான் இருக்கிறது. அதனால் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தையும் தோட்டக் கம்பனிகளையும் கேட்கிறோம்: பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்களுக்கு, பிள்ளைகளைப் பேசவைக்கும் பயிற்சியைத் தமிழில் கொடுங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ‘ரொட்டியா, வாழைப்பழமா?’ என்று கேட்டுவிட்டு, வாயை மூடி, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். பிள்ளை ‘ஒட்டி’ என்றால் திருத்தாமல், ‘ஆமா, சூடு ரொட்டி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து எண்ணும் நேரம்தான் சிகிச்சை. கஷ்டமும் அதில்தான் இருக்கிறது. பத்து பிள்ளைகள் ஒன்றாக அழும்போது பத்து எண்ண எந்தப் பொம்பளைக்கும் முடியாது, ஆகவே ஆள் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணிநேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. போன் பத்து எண்ணிக் காத்திருக்காது.

தமிழில் சேவை கேட்பது சலுகை கேட்பதல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு சிகிச்சையாளர்களைப் பட்டம் கொடுத்து அனுப்புகிறது. அங்கே மலையகத்துப் பிள்ளைகள் போய்ச் சேர வழிகாட்டுவது எங்கள் பாடசாலைகளின் பொறுப்பும்தான்.

எங்களுக்குள் முடியாத விவாதம் ஒன்று இருப்பதையும் மறைக்கவில்லை. பிள்ளையைச் சிங்கள முன்பள்ளியில் சேர்ப்பதா, தமிழிலா என்பதில் உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அது பெற்றோர் தீர்மானிக்க வேண்டியது; இந்த அறிக்கை அதில் பக்கம் சாயவில்லை. சிங்கள முன்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் வீட்டில் அப்பாயியின் தமிழ் வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம்.

கடைசியாகத் தோட்ட நிர்வாகங்களுக்கு. பேச்சுக் கிளினிக்குக்குப் போகும் தாய் இருட்டோடு கிளம்பி, ஹட்டனில் பஸ் மாறி, இருட்டியபின் வீடு வருகிறார். அன்று அவருக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. இரண்டாவது தவணைக்கு எத்தனையோ பேர் போகாமல் விடுவது இதனால்தான். கிளினிக் துண்டைக் காட்டும் தாய்க்கு அன்றைய நாளுக்கு அரைப் பேராவது போடுங்கள்.