ஈறையும் பாருங்கள்



ஈறு இறங்குவதை முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், 30 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு ஈறு 1 மில்லிமீட்டராவது இறங்கியிருந்தது. வயது ஏற ஏற இது கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் தொடக்கம் நடுவயதுக்கு முன்பே.

பெரும்பாலும் வலிக்காது, அதனாலேயே கவனிப்பதில்லை. வெளியே தெரியும் வேருக்கு எனாமல் காப்பு கிடையாது. பல் கூசும், சொத்தை எளிதில் பிடிக்கும். இறங்கிய ஈறு தானாக ஏறாது. முற்றினால் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டவேண்டி வரலாம். கூச்சத்துக்குப் பற்பசையை மாற்றுகிறோம். ஆனால் ஈறை இறக்கும் காரணங்களைத் தொடுவதில்லை: பல்லில் படிந்த காரையை அகற்றுவதில்லை, அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தையோ, வாயில் அடக்கும் புகையிலையையோ விடுவதில்லை.

ஈறு இறங்க ஈறு நோயும் ஒரு காரணம்; அதைச் சர்க்கரை நோய் தீவிரமாக்கும். எனவே சர்க்கரை பரிசோதனை முகாம்களில் பல் மருத்துவர் ஒருவரையும் அமர்த்த அரசு ஆவன செய்ய வேண்டும்.

— வாசகர், திருச்சி