வங்கிக் கடனில் உள்ள வீட்டுக்கு அச்சாரம் கொடுக்கலாமா?

மளிகைத் தொழிலில் வாய்வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஒரு லோடு துவரம்பருப்புக்குத் தொலைபேசியில் விலை பேசி ‘சரி’ என்று சொல்லிவிட்டால், மறுநாள் விலை ஏறினாலும் சரக்கை அனுப்பித்தான் ஆகவேண்டும். இதே பழக்கத்தை வீடு, கடை வாங்கும்போதும் வைத்துக்கொண்டு நம் வணிகர்கள் சிலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

திருக்கோகர்ணத்தில் எனக்குத் தெரிந்த சில்லறை வியாபாரி ஒருவர் குடோனுக்காக ஒரு வீட்டை விலை பேசினார். வீட்டுக்காரரும் வியாபாரிதான், தொழில் நொடித்து வங்கித் தவணை நின்றுபோனவர். மூன்று லட்சம் ரூபாய் அச்சாரம் கைமாறியது. பேசிய விலையோ கடன் பாக்கியைவிடக் குறைவு. மீதியை வங்கி தள்ளிவிடும் என்று வீட்டுக்காரர் நம்பினார். வங்கி தள்ளவில்லை. ஏல அறிவிப்பு வந்தது, வீடு வேறொருவருக்குப் போயிற்று. அச்சாரப் பணம் அதற்குள் வீட்டுக்காரரின் மற்றக் கடன்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதுதான் இதில் வேதனை.

அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு வீட்டுக்கடன் நெருக்கடியின்போது, கடனைவிடக் குறைந்த விலைக்கு இப்படி விற்பது மிகப் பெருகியது. ‘ஷார்ட் சேல்’ என்று பெயர். வீட்டுக்காரர் ஒரு விலையை ஏற்றாலும், கடன் கொடுத்தவர் ஒப்பாமல் கிரயம் முடியாது.

நம் நாட்டிலும் நிலைமை அதுதான். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, பாக்கியை 60 நாளில் கட்டச் சொல்லி வங்கி நோட்டீஸ் கொடுத்துவிட்டால், அதன் எழுத்துமூலமான முன் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கக்கூடாது. 2016 திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியையும் கட்டினால்தான் சொத்தை மீட்கலாம். பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. ஆகவே, அறிவிப்பு வந்தபின் ‘நான் முன்பே அச்சாரம் கொடுத்தவன்’ என்று வங்கியில் போய் நிற்பதில் பயனில்லை.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்பார்கள். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கி, அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வில்லங்கத்தில் தெரியாது. 2011-ல் ஏற்பட்ட செர்சாய் மத்தியப் பதிவேட்டையும் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘மூலப்பத்திரத்தைக் கண்ணில் காட்டுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்படக்கூடாது.

என் யோசனை இது. வீட்டுக்காரர் ஒரே தவணைத் தீர்வுக்கு மனுச்செய்து, தொகையும் கெடு தேதியும் குறித்த வங்கிக் கடிதத்தை வாங்கட்டும். அதுவரை சிறு தொகைக்கு மேல் கொடுக்கவேண்டாம். இன்ன தேதிக்குள் சம்மதம் வராவிட்டால் அச்சாரம் திரும்பவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதைப் பதிவும் செய்யவேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தப் பதிவு கட்டாயம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. சம்மதம் வந்தபின், பாக்கிப் பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகாமல் நேரே கடன் கணக்குக்குப் போகட்டும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கும்போது தரகர் இன்னொருவரைக் கூட்டிவருவார், விலையும் கூடுதலாக இருக்கும். அவரிடமும் அச்சாரம் வாங்குவது முறையல்ல. ‘ஒருவருக்குப் பேசியாகிவிட்டது, அது நின்றுபோனால் உங்களுக்கு’ என்று உண்மையைச் சொல்லிப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். வங்கி விலை போதாது என்றால், முதலில் பேசியவரிடமே முதலில் கேட்கவேண்டும்.

வங்கிகளும் மாதக்கணக்கில் மௌனம் சாதிக்காமல், உண்டு அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லலாம். நம் சங்கமும் இதற்கென ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வழக்கறிஞரைக் கொண்டு எழுதி வைக்கலாம்.

மேலே சொன்ன வியாபாரிக்கு மாதம் ஐயாயிரமாகப் பணம் திரும்பி வருகிறது. இதுவரை ஐம்பதாயிரம் வந்திருக்கிறது. குடோனுக்கு இன்னமும் வாடகைதான் கொடுக்கிறார்.