4 லட்ச ரூபாய் கிராப்பிள் வாங்கலாமா? அப்பாவுக்கு நான் போட்டுக் காட்டின கணக்கு



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அப்பா ஃபோன் பண்ணாரு. "தம்பி, வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன், பாரு." பார்த்தேன். வெளிநாட்டுல ஒருத்தர் டிராக்டர் முன்னாடி நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு கருவியை மாட்டி, மரக்கட்டைகளையும் முள்ளுக் குவியலையும் அலேக்கா தூக்கி ஓரமா வைக்கிறாரு. அதுக்குப் பேரு கிராப்பிள். "நம்ம டிராக்டருக்கும் மாட்டலாமாம். லோடரோட சேர்த்து 4 லட்சத்து 20 ஆயிரம் சொல்றாங்க. நீ லோன் போட்டுத் தர்றியா?"ன்னாரு.

கமுதி பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கு. பல வருஷமா உழாமக் கிடந்து சீமைக் கருவேல் மண்டிப் போச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி அதைச் சுத்தம் பண்ணி விதைக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. நல்ல ஆசைதான். 'சரிப்பா'ன்னு சொல்லி பர்சனல் லோன் போட எனக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது. நம்மள்ல நிறைய பேர் அப்படித்தான் பண்றோம். ஊர்ல இருந்து கேட்டா, கேள்வி கேட்காம அனுப்பிடுறோம். கேள்வி கேட்டா பாசம் இல்லைன்னு ஆயிடுமோன்னு பயம்.

என் கருத்து வேற. அப்பா கேட்குறாருன்னா கணக்கு போட்டுத்தான் ஆகணும், ஏன்னா அது அவரோட நிலம், என்னோட சம்பளம், ரெண்டும் திரும்ப வராது.

முதல்ல, இந்தக் கருவி என்ன வேலை செய்யும்?

கிராப்பிள் தூக்கும், நகர்த்தும், குவிக்கும். வேரோட பிடுங்காது. வளர்ந்த சீமைக் கருவேலைத் தரைக்கு மேல வெட்டினா, தூர்ல இருந்து மறுபடி தளிர் விட்டு வந்துடும். தூரைத் தோண்டி எடுக்க ஜேசிபி மாதிரி இயந்திரம்தான் வேணும். அப்போ கிராப்பிள் வாங்கினாலும் ஜேசிபி வாடகை மிச்சம் ஆகாது. வீடியோல இதைச் சொல்ல மாட்டாங்க.

ரெண்டாவது, நம்ம டிராக்டர் எவ்வளவு தூக்கும்?

லோடர் 700 கிலோ தூக்கும்னு வெச்சுக்குவோம். கிராப்பிளே 230 கிலோ இருந்தா, மீதி 470 கிலோதான் கட்டைக்கு. அந்த 700-ங்கிறதும் பெரும்பாலும் கருவி மாட்டுற பின் கிட்ட அளந்த கணக்கு. கட்டை அதைத் தாண்டி முன்னாடி நீட்டிட்டு இருக்கும்போது இன்னும் குறையும்.

இப்போ கட்டையோட எடை. பச்சை மரம் ஒரு கனமீட்டர் சுமார் 1 டன்னுன்னு எடுத்துக்கலாம். 30 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள கட்டை சுமார் 210 கிலோ. விட்டம் 45 செ.மீ. ஆனா? பாதி மடங்குதானே கூடுச்சுன்னு தோணும். ஆனா எடை சுமார் 475 கிலோ, ரெண்டு மடங்குக்கும் மேல! விழுந்த புளியமரத்தைத் தூக்கலாம்னு நினைச்சா அங்கதான் மாட்டிக்குவோம்.

அப்பாவை ஒரு டெமோவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு பெரிய கட்டையைக் கவ்வித் தூக்கும்போது டிராக்டரோட பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிடுச்சு. பின்னாடி எதிர் எடை மாட்டலை. டிரைவர் டக்குன்னு இறக்கிட்டாரு. அப்பா ஒண்ணும் பேசலை. நாப்பது வருஷமா டிராக்டர் ஓட்டுறவரு, அது என்னன்னு அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பி வரும்போதுதான் "கட்டை பின்பக்கமா உருண்டா ஓட்டுறவன் மேலதான விழும்"னாரு.

அதனால விலைப்பட்டியல்ல கிராப்பிளை மட்டும் பார்க்காதீங்க. கவ்வுறதுக்குத் தனியா ஒரு ஹைட்ராலிக் லைன், பின்னாடி எதிர் எடை, டிரைவர் தலைக்கு மேல உறுதியான கூண்டு, முள்ளு குத்திப் போற டயர், எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

மூணாவது, மணிக் கணக்கு

எங்க விலையை வெச்சே சொல்றேன். 4,20,000 ரூபாயை 14% வட்டிக்கு 5 வருஷம் பர்சனல் லோன் எடுத்தா இஎம்ஐ சுமார் 9,770. மொத்தம் கட்டுறது சுமார் 5,86,000. அஞ்சு வருஷம் கழிச்சு 1,50,000-க்கு வித்துடலாம்னு வெச்சாலும், நிகரச் செலவு 4,36,000. வருஷத்துக்கு சுமார் 87,000. ஹோஸ், பின், ஆயில் சீல்னு பராமரிப்புக்கு 10,000 சேர்த்தா 97,000.

எங்க ஊர்ல ஜேசிபி வாடகை மணிக்கு 1,300, டீசல், டிரைவர் எல்லாம் சேர்த்து. சொந்த டிராக்டர்ல ஓட்டினா டீசல், ஆள் கூலி 500. அப்போ மணிக்கு 800 மிச்சம். 97,000-ஐ 800-ஆல வகுங்க: வருஷத்துக்கு 121 மணி நேரத்துக்கு மேல ஓடணும். ஜேசிபி ஒரு மணி நேரத்துல முடிக்கிற வேலையை டிராக்டரும் அதே நேரத்துல முடிச்சிடும்னு வெச்சுத்தான் இந்தக் கணக்கு. நிஜத்துல முடிக்காது.

எங்களுக்கு எவ்வளவு தேவை? முதல் வருஷம் 40 மணி நேரம். அப்புறம் ஆடு, மாடு காய் தின்னு விதை போட்டு முளைக்கிறதை எடுக்க வருஷம் 10 மணி நேரம். அஞ்சு வருஷத்துக்கு 80 மணி நேரம், வாடகை 1,04,000. அவ்வளவுதான்!

நாம ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்கும்போது எத்தனை பேர் யூஸ் பண்ணுவாங்கன்னு கேட்போம். வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது மட்டும் ஏன் கேட்க மாட்டேங்கிறோம்?

அப்போ யாருமே வாங்கக் கூடாதா?

அப்படி இல்ல. தென்னை, மா, சவுக்குன்னு வருஷம் முழுக்க மட்டை, கிளை, கட்டை நகர்த்துற வேலை இருக்கிறவங்க, அக்கம்பக்கத்துக்கும் வாடகைக்கு ஓட்டுறவங்க 121 மணி நேரத்தைச் சுலபமாத் தாண்டுவாங்க. அவங்க வாங்கலாம். அவங்களுக்கு மூணு விஷயம்:

1. முள்ளும் தூரும்தான் அதிகம்னா அடிப்பக்கம் திறந்த பற்கள் உள்ளதை எடுங்க. மண் கீழ கொட்டிடும், முள்ளு மட்டும் நிக்கும். வாளி மாதிரி அடைச்சது மண்ணையும் சேர்த்து அள்ளும்.
2. மேல் தாடை ஒண்ணா இருக்கிறதை விட தனித்தனியா ரெண்டு இருந்தா, ஒரு பக்கம் தடிமனாவும் ஒரு பக்கம் சன்னமாவும் இருக்கிற சுமையை நல்லா பிடிக்கும். ஆனா எடையும் விலையும் கூடும்.
3. பெருசு வேணாம். டிராக்டர் தாங்குறதுல எடை குறைஞ்சதா எடுங்க. கருவி எடை குறைஞ்சா சுமை கூடும்.

லோனையும் யோசிங்க. பர்சனல் லோன் வட்டியை உங்க சம்பள வருமான வரில கழிக்க முடியாது. அப்பா பேர்ல பேங்க்ல விவசாயக் கருவிக் கடன் வட்டி என்னன்னு முதல்ல கேளுங்க. மத்திய அரசோட வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல பட்டியல்ல உள்ள கருவிகளுக்கு 40 முதல் 50% வரை மானியம் உண்டு. ஆனா எல்லாக் கருவியும் பட்டியல்ல இருக்காது. வாங்கிட்டுப் போய்க் கேட்காதீங்க, வாங்குறதுக்கு முன்னாடி வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல கேளுங்க. அதே துறை இயந்திரங்களை மணிக் கணக்குல வாடகைக்கும் விடுது. மழைக்கு முன்னாடி எல்லாரும் ஒரே நேரத்துல கேட்பாங்க, அதனால ஆடியிலேயே பதிஞ்சு வைங்க.

கடைசியா என்ன பண்ணோம்?

எங்க பக்கம் கரிமூட்டம் போடுறவங்க கருவேல மரத்துக்குக் காசு கொடுப்பாங்க. அப்பாவுக்கு இது என்னை விட நல்லாத் தெரியும், வீடியோ பார்த்த சந்தோஷத்துல மறந்துட்டாரு. "தூரோட எடுக்கணும்"னு பேசி 20,000 அட்வான்ஸ் வாங்கிட்டாரு. மீதி இருக்கிற தூருக்கு ஜேசிபி. இஎம்ஐக்குப் போக வேண்டிய 9,770 ரூபாயை நான் இப்போ மாசாமாசம் தனியா ஆர்டில போடுறேன், அப்பா பேர்லயே. நிலம் சுத்தமானதும் விதைக்கும் வேலிக்கும் அது உதவும்.

"வேணாம்"னு சொல்றதுக்குப் பதிலா "வாங்கப்பா, கணக்கு போட்டுப் பார்ப்போம்"னு சொல்லிப் பாருங்க. எங்க அப்பா என் கூட உக்காந்து நோட்டுல பேனா பிடிச்சு எழுதினது, என் பத்தாம் வகுப்புக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

உங்க வீட்டுல இந்த மாதிரி எந்தக் கருவி வாங்கி, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல அந்தக் கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.